நான்கு புள்ளிகள் என்று கடிதம் வந்தால்

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நாங்கள் கிழக்கு லண்டனில் இருக்கிறோம். நிரந்தர வதிவிட உரிமை உண்டு. என் கணவருக்கு 51 வயது. பதினெட்டு வருடம் ஒரு பொருட்கிடங்கில் இரவு வேலை செய்தார். சென்ற ஆண்டு ஒக்டோபரில் பாரிசவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கையும் காலும் திரும்பவில்லை. வேலை போய்விட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட்டும் என் பகுதிநேரச் சம்பளமும்தான் வருமானம். நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் பிப் (PIP) உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தோம். தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள். 16 வயது மகள்தான் மொழிபெயர்த்தாள். நவம்பர் 3ஆம் திகதியிட்ட கடிதத்தில் சமையலுக்கு 2, குளிப்பதற்கு 2, நடமாட்டத்துக்குப் பூச்சியம் என்று எழுதி, உதவி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் வந்த இன்னொரு கடிதத்தில், இப்போது வேலை செய்ய முடியாது, ஆனால் வேலைக்கு ஆயத்தமாகலாம் என்று இருந்தது. ஜொப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து வரச் சொல்கிறார்கள். 'சட்டம் மாறிவிட்டது, இனி யாருக்கும் கிடைக்காது, சண்டை பிடித்தால் இருப்பதும் போய்விடும்' என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கணவரின் பெயரில் வீடு இருக்கிறது. 74 வயது மாமியார் அதில் இருக்கிறார். அதை எங்கும் எழுதவில்லை. நாங்கள் ஒருநாளும் கை நீட்டியவர்கள் அல்ல. இதை இப்படியே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடாதீர்கள். முதலில் திகதியைப் பாருங்கள். பிப் முடிவை எதிர்க்க, கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து ஒரு மாதம் தருவார்கள். டிசம்பர் 3க்கு முன் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். இந்த முதற்படிக்கு மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது கட்டாய மறுபரிசீலனை என்று பெயர். தொலைபேசியிலும் கேட்கலாம், ஆனாலும் எழுத்தில் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காரணங்களை எல்லாம் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 'இந்த முடிவை ஏற்கவில்லை, விரிவான காரணங்களும் மருத்துவச் சான்றுகளும் பின்னர் வரும்' என்று இரண்டு வரி போனாலே திகதி காப்பாற்றப்படும். கேள்வி கேட்டவர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். உங்கள் கணவர் சொன்னதாக அதில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் எதை மறுக்க வேண்டும் என்று தெரியும்.

உங்கள் நீண்ட கடிதத்தில் இருந்த மூன்று விவரங்களை இங்கே எடுத்துச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவும். 'கோயிலுக்கு நடந்து போவேன்' என்று உங்கள் கணவர் சொன்னார். 'உடுப்பு நானே போடுவேன்' என்றார். 'சாப்பாடு மனைவி பார்த்துக்கொள்வார்' என்றார். மூன்றும் உண்மை. ஆனால் கோயில் போகும் வழியில் நாற்பது மீட்டருக்கு ஒருமுறை ஊன்றுகோலைப் பிடித்தபடி நிற்கிறார், திரும்பி வந்தால் அன்று முழுவதும் படுக்கை என்று நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். சட்டைக் கையை ஏற்றிப் பொத்தான் போடுவது நீங்கள். குளியல் தொட்டிக்குள் இறக்கி ஏற்றுவதும் நீங்கள். இவற்றை அவர் மகளின் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் தகப்பன் சொல்வார்? அவர் பொய் சொல்லவில்லை, மானத்தைக் காத்துக்கொண்டார். அதை அதிகாரி ஆரோக்கியம் என்று எழுதிவிட்டார்.

அடுத்த முறை பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும், உங்களுக்குச் செலவில்லை. நீங்கள் துணையாகப் பக்கத்தில் இருந்து பேசவும் அனுமதி உண்டு.

பிப் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை இங்கே விளங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. பாரிசவாதம் என்று வைத்தியர் எழுதினாலும் அதற்காக ஒரு புள்ளியும் வராது. அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல்கள், நடமாட்டத்துக்கு இரண்டு செயல்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதற்குத்தான் புள்ளி. 8 வந்தால் சாதாரண தொகை, 12 வந்தால் உயர்ந்த தொகை. சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. இதைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். ஒரு செயலைச் செய்ய முடியும் என்று கொள்ள, அதை ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க விதத்தில், தேவையான தடவைகள் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். உடல்நலமுள்ள ஒருவருக்கு ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரம் அல்ல. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே கணக்கு. நல்ல நாள் ஒன்றை வைத்துப் பதில் சொல்லக் கூடாது.

நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்ட கணக்கு இது. சமையல் என்றால் சோறும் நாலு கறியும் அல்ல. ஒருவருக்கான எளிய சாப்பாட்டை அடுப்பில் சமைப்பது. மரக்கறி வெட்டவும் சட்டியைத் தூக்கவும் ஆள் வேண்டும் என்றால் 4 புள்ளி. குளியல் தொட்டியில் ஏற இறங்க ஆள் உதவி வேண்டும் என்றால் 3. மேல் உடம்புக்கு உடுப்புப் போட உதவி வேண்டும் என்றால் 4. ஆக 11. மாத்திரைகளை வேளைக்கு நினைவூட்டி எடுத்துக் கொடுப்பது நீங்கள்தான் என்று ஒரு வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதற்கு 1 உண்டு. மொத்தம் 12. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைக்கான சாதாரண தொகை வாரம் 73.90 பவுண், உயர்ந்த தொகை 110.40 பவுண். படிவத்தில் எழுதப்படாத அந்த மாத்திரை விஷயம் மட்டும் வாரத்துக்கு 36.50 பவுண் பெறும்.

நடமாட்டத்தில், ஊன்றுகோலோடு 20 மீட்டருக்கு மேல், ஆனால் 50 மீட்டருக்கு மேற்படாமல்தான் நடக்க முடியும் என்றால் 10 புள்ளி. 2025-26 நிதியாண்டில் அதற்கு வாரம் 29.20 பவுண். அத்துடன் வாகனம் நிறுத்துவதற்கான புளூ பேட்ஜுக்கும் கவுன்சிலில் தகுதி வந்துவிடும். கோயிலுக்கு எத்தனை மீட்டர் என்பதை வரைபடத்தில் அளந்து, எங்கெங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் ஆகிறது, மறுபடி நடக்க எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். 'நடக்க மிகவும் சிரமப்படுகிறார்' என்று எழுதினால் அதற்குப் புள்ளி கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. கூட்டியும் எழுத வேண்டாம். உள்ளதைச் சொன்னாலே போதும்.

சட்டம் மாறிவிட்டது என்று சொன்னவர்கள் முழுவதும் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அரசாங்கம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. அன்றாட வாழ்க்கைக்கான பிப் பெற மொத்தம் 8 புள்ளி போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். நான்கு செயல்களில் இரண்டிரண்டாகப் பெற்றவர், எத்தனை செயல்களில் தடுமாறினாலும், வெளியே தள்ளப்பட்டிருப்பார். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். ஜூலை 1ஆம் திகதி, நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பகுதியை அரசாங்கம் கைவிட்டது. ஆகவே இன்று உங்கள் கணவருக்குப் பொருந்துவது பழைய புள்ளி முறைதான். பிப் முறை முழுவதையும் ஆராயும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் ஈஸ்ட் ஹாம் தொகுதி உறுப்பினர். நம்மவர்கள் கடை வைத்து, கோயில் கட்டி வாழும் அதே ஈஸ்ட் ஹாம். நீங்கள் அந்தத் தொகுதியில் இருந்தால் உங்கள் எம்.பி. அவர்தான். மகளின் வாயால் தகப்பனின் குளியலைப் பற்றிக் கேட்டார்கள் என்பதை அவருக்கு எழுதுங்கள். அவர் அறிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அவர்கள் சொன்னதில் மற்றப் பாதி உண்மைதான். அந்தச் சட்டமூலத்தின் மிச்சம் 2025 செப்டம்பரில் சட்டமாகிவிட்டது. யூனிவர்சல் கிரெடிட்டில், நோயின் காரணமாக வேலை தொடர்பான எந்தக் கடமையும் வேண்டாம் என்று ஏற்கப்பட்டவர்களுக்கு 2025-26 நிதியாண்டில் மாதம் 423.27 பவுண் கூடுதலாகக் கிடைத்தது. 2026 ஏப்ரல் முதல் புதிதாக அந்தப் பிரிவுக்குள் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏறக்குறைய பாதியாகிறது. வாழ்நாளின் இறுதிக்கட்டத்தில் உள்ள நோயாளிகளுக்கும், வாழ்நாள் முழுவதும் மாறாத மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு. எல்லோருக்குமான அடிப்படைத் தொகையைச் சற்று உயர்த்தியிருக்கிறார்கள். நோயாளியிடம் வெட்டிய அளவுக்கு அது ஈடாகாது. ஏப்ரலில் நோய் வந்தவருக்கு மார்ச்சில் வந்தவரைவிடச் செலவு குறைவாகுமா என்ன? இந்த வேறுபாட்டை நியாயப்படுத்த எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இது திடீரென்று வந்ததும் அல்ல. 2010இல் அன்றைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், வேலை செய்யும் வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகைச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதை இலக்காக அறிவித்தார். 2012இல் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2013இல் டி.எல்.ஏ. என்ற பழைய மாற்றுத்திறனாளிகள் உதவிக்குப் பதிலாக பிப் வந்தது. முன்பு 50 மீட்டர் நடக்க முடியாதவருக்கு என்று வழங்கிவந்த உயர்ந்த நடமாட்டத் தொகையின் எல்லையை 20 மீட்டராகச் சுருக்கினார்கள். எத்தனையோ பேர் தங்கள் வாகனத்தையே திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இந்தச் சீர்திருத்தத்தை நடத்திய அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்கூட 2016இல், பிப்பில் மேலும் வெட்டுவதை ஏற்க முடியாது என்று பதவி விலகினார். அதே ஆண்டில் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு பிரிட்டனை விசாரித்து, பாரதூரமான அல்லது அமைப்புரீதியான உரிமை மீறல்கள் நடந்திருப்பதாக அறிக்கை தந்தது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு வந்த கடிதத்தை உங்கள் கணவரின் உடல்நிலை பற்றிய தீர்ப்பாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே. முதலில் மிச்சப்படுத்த வேண்டிய தொகையைத் தீர்மானித்துவிட்டு, பிறகு கேள்விகளை எழுதிய முறை இது.

மறுபரிசீலனையிலும் 'இல்லை' என்றே பதில் வரக்கூடும். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அங்கேதான் அதிகமானோர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டாவது மறுப்புக் கடிதம் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. தீர்ப்பாயம், இந்த உதவிகளை நடத்தும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யின் பிரிவு அல்ல, தனியானது. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறன் பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என மூவர் இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை அவர்களே தருவார்கள். பிப் வழக்குகளில் விசாரணைவரை போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவினர் பல ஆண்டுகளாக வென்று வருகிறார்கள். வென்றால் விண்ணப்பித்த காலத்தில் இருந்து பணம் சேர்ந்து வரும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அது உண்மையான வேதனை. ஆனால் பிப்பில் இப்போது உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. எதிர்ப்பதால் இழக்க எதுவும் இல்லை. வதிவிட உரிமைக்கும் இதனால் பாதிப்பு வராது. நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் தனக்குத் தகுதியான உதவியைப் பெறுவது எந்த நிபந்தனையையும் மீறுவது ஆகாது.

செப்டம்பர் கடிதம் வேறு விஷயம். பிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை; கேள்விகளும் வேறு. வேலைக்கு ஆயத்தமாகலாம் என்ற பிரிவில் அவரை வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவுக்கு என்று முன்பு இருந்த கூடுதல் தொகை 2017 ஏப்ரலில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே நோயாளி என்று ஏற்றுக்கொண்டும் கூடுதலாக ஒன்றும் தராத பிரிவு இது. இதை எதிர்க்கவும் ஒரு மாதம்தான், அது கடந்துவிட்டது. ஆனாலும் தகுந்த காரணம் காட்டினால் பதின்மூன்று மாதம்வரை தாமதமான வேண்டுகோளை ஏற்க இடம் உண்டு. மொழி தெரியாமை, நோய், ஆலோசனை கிடைக்காமை எல்லாவற்றையும் எழுதுங்கள். கட்டாயப்படுத்தி ஆயத்தப் பயிற்சிக்கு அனுப்பினால் உடல்நலத்துக்கோ உயிருக்கோ பெரும் ஆபத்து என்று காட்ட முடிந்தால், வேலை தொடர்பான கடமை எதுவும் இல்லாத மேல் பிரிவில் வைக்க விதி இருக்கிறது. மறுபடி பாரிசவாதம் வரும் அபாயம் பற்றி மருத்துவமனை நிபுணரிடம் கடிதம் கேளுங்கள். 2026 ஏப்ரலுக்கு முன்பே அவருக்கு அந்த உரிமை இருந்தது என்று முடிவு மாறினால் பழைய முழுத் தொகை கிடைக்கும். அதனால் இதில் சுணங்க வேண்டாம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த முடிவைத் திறந்தால் முழுவதையும் புதிதாகப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. இருக்கும் பிரிவும் ஆட்டங்காணலாம். உங்கள் கணவரின் நிலையில் நான் அதற்குப் பயப்பட மாட்டேன், ஆனால் படிவங்களை நேரில் பார்த்த ஓர் ஆலோசகரின் சொல்லைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலோ உங்கள் கவுன்சிலின் நலவுரிமைப் பிரிவிலோ இலவசமாகப் பார்ப்பார்கள்.

ஜொப் சென்டர் அழைப்புகளை மட்டும் பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இந்தப் பிரிவில் உள்ளவரை வேலை தேடும்படியோ வேலையை ஏற்கும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சந்திப்புக்குப் போகாமலும் காரணம் சொல்லாமலும் இருந்தால் தண்டனையாக யூனிவர்சல் கிரெடிட்டில் அவருடைய பங்குத் தொகையை நிறுத்திவைக்க முடியும். 2012 சட்டத்தின் கீழ் மூன்று ஆண்டுவரை பணத்தை நிறுத்த வழி இருந்தது. 2019இல்தான் அந்த உச்சத்தை ஆறு மாதமாக்கினார்கள். சும்மா வேலையற்றிருப்பவர் என்று பேசப்படுகிறவர்களில் எத்தனை பேர் பஸ் தவறியதற்காகவும் கடிதம் விளங்காததற்காகவும் பட்டினி கிடந்தார்கள் என்பது இந்த ஆலோசனை வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னல் என்ற குறிப்புப் பகுதியில், தொலைபேசியில் சந்திக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். எழுதியது அங்கேயே பதிவாக இருக்கும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அவரைப் பார்ப்பது வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அவருக்கு அன்றாட வாழ்க்கைக்கான பிப் கிடைத்த உடனே, நீங்கள் பராமரிப்பவர் என்று யூனிவர்சல் கிரெடிட்டில் அறிவியுங்கள். 2025-26 நிதியாண்டின் கணக்கில் மாதம் 201.68 பவுண் சேரும். அதற்கு உங்கள் பகுதிநேர வேலை தடையாகாது. இப்போதும், அவர் வேலைக்கு ஆயத்தமாகும் பிரிவில் இருப்பதாலேயே, வாடகை உதவி பெறும் குடும்பமாக உங்கள் மாதச் சம்பளத்தின் முதற்பகுதிக்கு (2025-26 நிதியாண்டில் 411 பவுண்) எதுவும் கழிக்கக் கூடாது. மாதக் கணக்கில் அது சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகிறேன். பிப்புக்குச் சொத்து, சேமிப்பு, சம்பளம் எதுவும் கணக்கில்லை. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு உண்டு. 16,000 பவுணுக்கு மேல் சொத்து இருந்தால் உதவி இல்லை. வெளிநாட்டில் உள்ள காணி, வீடு, வங்கிப் பணம் எல்லாம் அதற்குள் வரும். நம்மவர்களில் பலர் இதைத் தெரியாமல் விட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓய்வூதிய வயதை அடைந்த நெருங்கிய உறவினர் ஒருவர் தம் வீடாகக் குடியிருக்கும் கட்டடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட ஒரு விதி இருக்கிறது. பெற்றோர் அதற்குள் வருவார்கள். உங்கள் மாமியாரின் நிலைமை அதற்குப் பொருந்துவதாகத் தெரிகிறது. என்றாலும் மறைத்து வைப்பது வேறு, சொல்லி விலக்குப் பெறுவது வேறு. ஆலோசகரைப் பார்த்து, வீட்டின் உறுதியையும் மாமியாரின் வயதுக்கான ஆதாரத்தையும் காட்டி, இந்த மாதமே அறிவித்துவிடுங்கள். சீட்டுப் பணம் ஏதும் சேர்ந்து கையில் வந்தால் அதையும்தான்.

கை நீட்டாதவர்கள் என்று எழுதினீர்கள். பதினெட்டு வருடம் இரவு வேலை செய்து அவர் வரியும் காப்புறுதிப் பணமும் கட்டியிருக்கிறார், உண்மை. ஆனால் அதனால்தான் உரிமை வந்தது என்று எண்ணாதீர்கள். ஒருநாளும் வேலைக்குப் போக முடியாத பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தாலும் இதையே சொல்வேன். உடம்பு முடியாதவருக்கு வாழ வழி செய்வது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. உங்கள் கணவர் இதை நம்பினால்தான் அடுத்த முறை கேட்பவரிடம் உள்ளதைச் சொல்வார். அதனால் அவரோடு தனியாக இருந்து பேசுங்கள்.

இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து இரண்டு வாரத்துக்குக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள்: எழுந்த நேரம், உடுப்புப் போட எடுத்த நேரம், எதில் நீங்கள் கை கொடுத்தீர்கள், எங்கே விழப் பார்த்தார், எந்த நாள் முடியாமல் போனது. இயன்முறை மருத்துவரின் அறிக்கையையும் உங்கள் குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் சேர்த்து, கணவரின் பெயரும் தேசியக் காப்புறுதி இலக்கமும் ஒவ்வொரு தாளிலும் எழுதி அனுப்புங்கள். தபாலில் அனுப்பினால் அனுப்பியதற்கான சான்றை அஞ்சலகத்தில் கேட்டு வாங்குங்கள். மறுபரிசீலனையின் பதில் வந்ததும் அதன் திகதியைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். மேன்முறையீட்டுக்கான ஒரு மாதம் அந்தத் திகதியில் இருந்து ஓடத் தொடங்கும்.